கீழமாசி வீதிச் சரக்கு

நத்தத்துப் புளி வந்து இறங்கும் நாளில்
சாக்கைப் பிரிக்கும் முன்னே வாய் ஊறிவிடும்.
பதினோரு வருஷமாய்க் கொட்டை எடுக்கிறேன்,
இன்னும் அடங்கவில்லை இந்த வாய்.

அன்று ஊறியது, இறங்கவில்லை.
வலத் தாடைக்குக் கீழே
நெல்லிக்காயாய்த் திரண்டு
எலுமிச்சையாய்ப் பெருத்து
பேசவிடாமல் தெறித்தது.

"பொன்னுக்கு வீங்கிடி" என்றாள் முத்திருளாயி.
"கழுத்துல தங்கம் கெடந்தா தானா வத்திரும்."
என் தங்கம் அடகுக் கடையில்.
என்னிடம் இருந்தது ரசீது.
ரசீதைக் கட்டிக்கொண்டால் வத்துமா என்றேன்.
தன் ஒன்றரைப் பவுனைக் கழற்றி மாட்டிவிட்டாள்.
ரெண்டு மணி நேரத்தில் வீக்கம் வடிந்தது.
குடோனே அந்தச் சங்கிலியைக் கும்பிட்டது.

மறுநாள் சாக்கைப் பிரித்தார்கள்.
சங்கிலியோடு வீங்கினேன்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்
தாள் புரட்டினார்.
கொடுத்துவைத்த நாக்கு.

டாக்டர் ஜைத்தூன்
உள்ளே நாக்கடியில் ஒரு விரல்
வெளியே தாடையில் ஒரு விரல்
வைத்து நடுவில் என்னைத் துழாவினார்.
"பொன்னுக்கு வீங்கி காதோரம் வரும். இது கல்லு.
சுரப்பி நல்லாத்தான் சுரக்குது.
வாய்க்கால்ல கல் அடைச்சிருக்கு,
ஊறுற நேரமெல்லாம் தேங்கிக்குது."

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஊறுமாம்.
மெல்ல மெல்லச் சோறு இனிப்பதும்
புளி தின்ற பல்லைக் கழுவிவிடுவதும்
தூக்கத்தில் தொண்டை ஒட்டாமல் காப்பதும்
அதுதானாம்.
வாய்க்குள் கிடக்கும்வரை அதைப் பேர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்?
வெளியே வந்தால்தான் எச்சில்.
ஊசியில் நூல் கோக்க ஆகும்,
பிள்ளை கன்னத்து மை துடைக்க ஆகும்,
அதே எச்சில் இலையில் பட்டால்
எடுக்கிறவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

ஊசி போடும் முன்பே
நாக்கு மரத்துப்போனது.
குடோனில் பெண்கள் பதினாலு பேர்.
மாடியில் ஒரு கக்கூஸ்.
அதற்கொரு பூட்டு.
சாவி கல்லாப்பெட்டியில்.
விடிகாலை ஒரு டம்ளர் டீ,
இருட்டியபின் வீட்டில் ஒரு சொம்பு,
நடுவில் பகல் முழுக்க
உதட்டை நக்கிக்கொள்வோம்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார்.
"இதனாலதான் கல்லுன்னு சொல்லிற முடியாது.
ஆனா தண்ணி கொறஞ்சா உப்பு படியும்."
ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சின்னதாய் ஒரு கீறல்.
எத்தனை மூட்டைப் புளிக்குக் கொட்டை எடுத்திருப்பேன்,
எனக்குள் இருந்ததை ஒருத்தி எடுத்தாள்.
மஞ்சள் வெளிறி, குருணை அளவு.
அதன் பின்னே மடை திறந்து
வாயெல்லாம் கரித்தது.
அழுகையும் அதே ருசிதான்.

பஞ்சில் மடித்துக் கொண்டுவந்து
சேவுகப்பெருமாளின் மின் தராசில் வைத்தேன்.
"என்னக்கா இது?"
"கீழமாசி வீதிச் சரக்கு. இங்கன வெளஞ்சது."
தராசு சைபர் காட்டியது.
தட்டிப் பார்த்தான்.
சைபர்தான்.

இன்று ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தேன்.
முத்திருளாயி அண்ணாந்து ஒரு மடக்கு,
அடுத்தவளும் எச்சில் படாமல் அண்ணாந்து.
மூன்றாவது, யாரென்று பார்க்கவில்லை,
வாய் வைத்தே குடித்தாள்.

பதினோரு மணி.
புளி பிசுபிசுக்கும் கையோடு
கல்லா முன்னால் நின்றேன்.
முத்திருளாயி மட்டும் பின்னால் வந்தாள்.
மற்றவர்கள் தலை குனிந்து
கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்,
சத்தமே இல்லாமல்.

"சாவி" என்றேன்.

முதலாளி நிமிர்ந்தார்.
எச்சிலை விழுங்கினார்.
தொண்டையில் அது இறங்குவது
நன்றாகவே தெரிந்தது.